அம்மா பாடிய ஞாயிற்றுக்கிழமை

ஆக்கரமலைத் தோட்டம்,
மேற்பிரிவு, லுணுகலை.
18.06.2000

அம்மாவுக்கு,

சுகமா என்று கேட்க இதை எழுதவில்லை. நீங்கள் சுகமாக இருப்பதை நேற்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

காமிலாக்கா ஹொங்கொங்கிலிருந்து வந்து நாலு நாளாகிறது. சனிக்கிழமை டவுனில் என்னைக் கண்டு, "உங்கம்மாவோட வீடியோ கெசட் கொண்டாந்திருக்கேன், வா பார்க்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மொஹிதீன் முதலாளியின் கடை டெக்கில் போட்டார்கள். சாமான் வாங்க வந்த நம் தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

மேடை. எட்டு நாட்டுக் கொடி. அங்கே வேலை செய்கிற பெண்களுக்குள் நடக்கிற உலகக் கரோக்கேப் போட்டியாம், காமிலாக்காதான் விளக்கம் சொன்னார். முதலில் ஒரு பிலிப்பைன்காரி, பிறகு ஒரு நேபாளத்துப் பெண். அடுத்ததாக நீங்கள். கழுத்திலிருந்து கால்வரை சிவப்புக் கவுன், உதட்டுச் சாயம், விரித்துவிட்ட முடி. கீழே ஓடுகிற சீன எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சீனப் பாட்டுப் பாடுகிறீர்கள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ஒருவர், "அழகையா பொஞ்சாதியா இது?" என்று கேட்டார்.

நான் பாட்டைக் கேட்கவில்லை. படத்தின் மூலையில் இருந்த தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 12.03.2000.

அப்பா செத்தது மார்ச் ஏழாம் தேதி. எட்டாம் தேதி இதே கடையிலிருந்துதான் உங்களுக்கு டெலிபோன் எடுத்தேன். "எழும்பவே முடியல மது, படுத்த படுக்கையாக் கெடக்கேன், மேடம் விட மாட்டேங்கிறா" என்று அழுதீர்கள். அதை நான் நம்பினேன். வந்தவர்கள் எல்லோரிடமும் "அம்மா அங்க தண்ணிகூடக் குடிக்காமக் கெடக்கு" என்று சொன்னேன். பன்னிரண்டாம் தேதி தலை சீவாமல், துக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதே நாள் நீங்கள் சிவப்புக் கவுன் போட்டிருந்தீர்கள்.

கடையை விட்டு வெளியே வரும்போது மொஹிதீன் முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த டெலிபோனில் நான் அழுதபோது பக்கத்தில் நின்றவர் அவர்.

இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள்?

மதுஷா


ஹொங்கொங்
09.07.2000

மகள் மதுஷாவுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அம்மாவைக் கூண்டில் ஏற்றிவிட்டாய். சரி, பதில் சொல்கிறேன்.

நான் டெலிபோனில் சொன்னது பொய்யில்லை. புதன்கிழமை விழுந்தவள் வெள்ளிக்கிழமைவரை எழும்பவில்லை. மேடத்தின் காலைப் பிடித்தேன். "போனால் போனதுதான், திரும்பி வராதே" என்றாள். டிக்கட் எடுக்க என்னிடம் வழி இல்லை. கொஞ்சம் முன்னால்தான் கூரைத் தகரத்துக்கும் அப்பாவின் மருந்துக்கும் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காமிலா வந்தாள். அந்தப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே என் பெயரைக் கொடுத்தது மேடம்தான். அவள் வீட்டில் கரோக்கே மெஷின் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் சிநேகிதிகளைக் கூட்டி வைத்துப் பாடுவாள். நான் மேசை துடைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். ஒரு நாள் பகிடிக்கு மைக்கை என் கையில் கொடுத்தார்கள். பாடினேன். பிறகு யாரும் பகிடி பண்ணவில்லை. சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதி வைத்துத்தான் படித்தேன்.

முதல் பரிசு, ஊருக்குப் போய்வர விமான டிக்கட். காமிலா சொன்னாள்: "சிவனம்மா, டிக்கட்டை மேடையில வச்சுக் குடுப்பாங்க. அத்தனை பேர் முன்னால மேடம் மாட்டேன்னு சொல்ல மாட்டா. பதினாறாம் நாளுக்காவது போய்ச் சேரலாம்." கவுன் அவள் இரவல் வாங்கி வந்தது. உதட்டுச் சாயமும் அவள் பூசியதுதான். "அழுத மூஞ்சியோட ஏறினா ஒருத்தனும் மார்க் போட மாட்டான்" என்றாள்.

பிலிப்பைன்காரிக்கு டிக்கட் கிடைத்தது. நான் இரண்டாவதாக வந்தேன். எனக்குப் பெரிய சூட்கேஸ் ஒன்று கொடுத்தார்கள். போக வழியில்லாதவளுக்குப் பெட்டி.

இதை டெலிபோனில் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். என்னவென்று சொல்வது? அப்பாவின் பதினாறுக்கு வருவதற்காகப் பாட்டுப் போட்டிக்குப் போகிறேன் என்றா?

அம்மா


ஆக்கரமலை
30.07.2000

அம்மாவுக்கு,

டிக்கட்டுக்காகப் பாடினீர்கள் என்று ஒரு கடிதம் எழுதிவிட்டால் நான் ஆறிப்போவேன் என்று நினைத்தீர்களா?

நான் மறுபடியும் போய் அந்தக் கெசட்டைப் போடச் சொல்லிப் பார்த்தேன், தனியாக. பாட்டு முடிந்ததும் சனம் எழும்பி நின்று கை தட்டுகிறது. நீங்கள் குனிந்து கும்பிடுகிறீர்கள். நிமிர்ந்து சிரிக்கிறீர்கள். அது நடிப்புச் சிரிப்பு இல்லை. போட்டோக்களில் நீங்கள் சிரிக்கிறது எப்படியென்று எனக்குத் தெரியும், உதடு மட்டும்தான் அசையும். இது வேறு சிரிப்பு.

காமிலாக்காவிடம் கேட்டேன். உங்களுக்கு மறைக்கத் தெரிகிற மாதிரி அவருக்குத் தெரியாது. "அதுக்கு முன்னாலயும் ரெண்டு மூணு போட்டியில பாடியிருக்கு, ஞாயித்துக்கிழமையானா பார்க்குல கூட்டம் போட்டுப் பாடும்" என்றார். அந்தப் போட்டிகளிலும் அப்பாவுக்காகவா பாடினீர்கள்? அப்போது அப்பா உயிரோடு கட்டிலில் கிடந்தாரே, பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பதினாலு மாதம்.

இன்னொன்று. எனக்குப் பதினேழு வயது. நீங்கள் பாடி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தாலாட்டாகக்கூட ஞாபகமில்லை. உங்கள் குரல் இப்படி என்று ஒரு கடை டீவியில், சீனப் பாட்டில்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

மதுஷா


ஹொங்கொங்
03.09.2000

மகளுக்கு,

ஒரு மாதமாகப் பேனாவை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன எழுதுவேன் என்று பயமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

ஆமாம், அந்தச் சிரிப்பு நடிப்பில்லை. டிக்கட்டுக்குத்தான் மேடையேறினேன். முதல் வரி பாடும்போது உன் அப்பாதான் கண்ணில் நின்றார். இரண்டாம் சரணத்துக்கு வரும்போது அவரை மறந்துவிட்டேன். உன்னையும் மறந்துவிட்டேன். பாட்டு மட்டும்தான் இருந்தது. இறங்கி வந்த பிறகு ஞாபகம் வந்து கக்கூசில் போய் வாந்தி எடுத்தேன். இரண்டும் உண்மை. உனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்.

நீ ஏன் என் பாட்டைக் கேட்டதில்லை என்று கேட்டாய். கொழுந்து எடுக்கிற மலையில் நான் பாடினால் பக்கத்து மலைக்காரிகள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கங்காணி என்னைத்தான் ஏசுவார். கல்யாணமான மூன்றாம் நாள் அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா வந்து, "கூத்தாடிச்சி மாதிரிப் பாடாத, லயத்து வீடெல்லாம் கேக்குது" என்றார். அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. ஒரே ஒரு தரம்தான் சொன்னார். அன்றைக்கு மூடிய வாய் அது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன்.

இனி உன் கதைக்கு வருவோம். என்னைப் பொய்க்காரி என்கிறாய். "அப்பாவைப் பக்கத்து வீட்டு ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று நீ எழுதிய கடிதங்கள் ஒன்பது என் பெட்டியில் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் யார்? இராக்கம்மா. உன் அப்பாவும் அவளும் தொண்ணூற்றேழிலிருந்தே ஒன்றாக இருக்கிறார்கள் என்று உன் மாமா கஜேந்திரன் போன வருடமே எழுதிவிட்டான். தொண்ணூற்றெட்டில் நான் லீவில் வந்தபோது அவள் எனக்குப் பலாப்பழம் அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நீ பக்கத்தில் நின்று சுளை எடுத்துத் தின்றாய். தெரிந்துகொண்டே தின்றாய்.

நீயாகச் சொல்வாய் என்று ஒரு வருடம் பார்த்திருந்தேன். நீ சொல்லவில்லை.

இப்போது அவள் காம்பராவில்தான் நீ சாப்பிட்டுப் படுக்கிறாய் என்றும் மாமா எழுதியிருக்கிறான். இந்த மாதம் முடிவதற்குள் பண்டாரவளைக்கு, மாமா வீட்டுக்குப் போய்விட வேண்டும். இது நான் கேட்பது அல்ல, சொல்வது.

அம்மா


ஆக்கரமலை
01.10.2000

அம்மாவுக்கு,

போக மாட்டேன்.

பலாப்பழத்தை எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. உங்களிடம் சொன்னால் நீங்கள் சண்டை போட்டுவிட்டு லீவு முடியும் முன்பே போய்விடுவீர்கள் என்று பயந்தேன். பதினெட்டு நாள்தான் இருந்தீர்கள். அந்தப் பதினெட்டு நாளையும் கெடுக்க எனக்கு மனமில்லை. சுளையை வெளியே போய்த் துப்பினேன். அதை உங்களுக்கு எந்த மாமாவும் எழுதியிருக்க மாட்டார்.

நான் பெரியவளானபோது யார் தண்ணீர் ஊற்றியது என்று நீங்கள் ஒரு நாளாவது கேட்டதுண்டா? அப்பா தேயிலை ஸ்டோரிலிருந்து வந்து வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இராக்கம்மாதான் வந்தார். அப்பா விழுந்த பிறகு பதினாலு மாதம் அவரைப் புரட்டிப் போட்டுக் கழுவியவர் அவர்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் ஒருதரம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ஒருதரம். லயத்துச் சனம் அவர் முகத்துக்கு நேரே காறித் துப்பியது. அவர் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினார். பிரேதத்தை எடுக்கும்போது தலைமாட்டில் உட்கார விடாமல் விரட்டினார்கள். அழக்கூட உரிமையில்லையாம்.

உங்களுக்கு உரிமை இருந்தது, நீங்கள் வரவில்லை.

அப்பா உங்களைப் பாட வேண்டாம் என்று சொன்னது தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். அவர் செய்த மற்றதும் சரியில்லை, அதற்காக நீங்கள் செய்தது சரியாகிவிடாது.

தலைத் திவசம் திதிப்படி பெப்ரவரி இருபத்துநாலாம் தேதி வருகிறது. அதற்கு இராக்கம்மா முன்னால் உட்காருவார். நான் சொல்லிவிட்டேன். உங்களால் அவர் பக்கத்தில் உட்கார முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் வராதீர்கள். வந்து நின்று சனத்துக்கு வேடிக்கை காட்ட வேண்டாம்.

மதுஷா


ஹொங்கொங்
10.12.2000

மகளுக்கு,

இரண்டு மாதம் யோசித்தேன். உன் கடிதத்தைக் கிழித்து, பிறகு ஒட்டி வைத்தேன்.

என் வயிற்றில் பிறந்தவள் எனக்கு நிபந்தனை போடுகிறாள். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. ஆனால் அவரைக் கழுவியவள் நானில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிவதால்தான் எரிகிறது.

ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்குமுன் இரண்டு கிழமை லீவு தர வேண்டும் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை, சொன்னேன். பெப்ரவரி பதினெட்டாம் தேதி வருகிறேன். அவள் பக்கத்தில் உட்காருவேன். அவளோடு பேசுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. அழச் சொல்லியும் யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

அம்மா


ஹொங்கொங்
25.03.2001

மதுவுக்கு,

வந்து சேர்ந்து மூன்று கிழமையாகிறது. பஸ் ஏறும்போது நீ பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாய். பதுளைக்கு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்கும் எனக்குக் கோபம்தான். இருந்தாலும் திவசத்தன்று நடந்ததைப் பற்றி எழுத வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்கு லயமே வாசலில் நின்றது. அழகையா பொஞ்சாதி ரெண்டும் முடியைப் பிடிக்கும், பார்க்கலாம் என்று வந்த கூட்டம். இராக்கம்மா பயந்துபோய் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இவ்வளவு நரை விழுந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வடையும் சாதமும் படைத்து முடிகிறவரை அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு, "கடைசியா என்ன கேட்டாரு?" என்று கேட்டேன். "தண்ணி கேட்டாரு அக்கா" என்றாள். "குடுத்தியா?" என்றேன். "குடுத்தேன். பாதி குடிச்சாரு" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் பேச அவ்வளவுதான் இருந்தது.

அந்த நேரம்தான் கங்காணி வீட்டுக்காரி வாசலிலிருந்து, "என்ன சிவனம்மா, புருசன் திவசத்துக்கு அந்தச் சீனப் பாட்டு ஒண்ணு எடுத்து விடறது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். செம்பைத் தூக்கி அவள் மேல் எறிந்திருப்பேன்.

அதற்குள் நீ எழும்பிவிட்டாய். "எங்கம்மா எட்டு நாட்டுக்காரங்க முன்னால பாடி ரெண்டாவதா வந்திச்சு. ஒங்களுக்குக் கேக்கணும்னா டிக்கட் வாங்கிக்கிட்டு ஹொங்கொங் போங்க. இங்க சோறு தின்ன வந்தா தின்னுட்டுப் போங்க" என்றாய்.

நீ சொன்னது எனக்காகவா, உன் வாய்த் திமிருக்காகவா என்று தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மார்ச் பதினொன்றாம் தேதி இந்த வருடப் போட்டி நடந்தது. பாடினேன். நாலாவது இடம். நடுவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், குரல் நல்லதாம், உச்சரிப்புப் பிழையாம். இவர்கள் பாஷையில் வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரே சொல்தான். கொஞ்சம் ஏற்றி இறக்கினால் அர்த்தம் தலைகீழாகிவிடும். ஏழு வருடமாக இந்த ஊர்ச் சந்தையில் இதே வாயால்தான் மீனும் கீரையும் வாங்கினேன். அப்போதெல்லாம் என் உச்சரிப்புப் பிழை யாருக்கும் தெரியவில்லை. மேடையில் ஏறியதும் தெரிந்துவிட்டது.

நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். எட்டு நாட்டுப் போட்டி என்று கொடி கட்டுகிறீர்கள், மெஷினில் எங்கள் பாஷையில் ஒரு பாட்டு இருக்கிறதா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்தான் கேட்டேன், ஆனால் சத்தமாகக் கேட்டேன். நேபாளத்துப் பெண்ணும் வந்து என் பக்கம் நின்றாள். கடைசியில், அடுத்த வருடம் அவரவர் பாஷைப் பாட்டைப் பாடலாம், வாத்தியம் மட்டும் உள்ள கெசட்டை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படிக் கெசட் இங்கே கிடைக்காது. பதுளைப் பக்கம் கல்யாண வீடுகளில் ஓர்கன் வாசிக்கிறவர்கள் செய்து தருவார்கள் என்று காமிலா எழுதியிருந்தாள். பாட்டை நீயே பார்த்து எடு. உனக்கு விருப்பமில்லை என்றால் விடு. நான் வேறு யாரையாவது கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா


ஆக்கரமலை
22.04.2001

அம்மாவுக்கு,

வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

சித்திரை வருடப் பிறப்புக்கு மாமா வீட்டுக்குப் போகவில்லை. அவர் இராக்கம்மாவைப் பற்றி உங்களுக்கு எழுதியதற்காக நான் இன்னும் அவரோடு பேசுவதில்லை. அதனால் அங்கே போக வைத்திருந்த பஸ் காசில் பதுளைக்குப் போனேன். தனியாகப் போகக் கூடாது என்று இராக்கம்மாவும் வந்தார். பஸ்ஸில் அவருக்கு வாந்தி.

காமிலாக்கா சொன்ன ஆள் லத்தீப். பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு சின்ன அறையில் ஓர்கன் வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "தோட்டத்து அம்மாவா? ஹொங்கொங் போட்டியிலயா?" என்று இரண்டு தரம் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "ஏன், தோட்டத்து ஆளுக்குத் தொண்டை இல்லியா?" என்றேன். அதன் பிறகு ஒழுங்காகப் பேசினார்.

பாட்டை நான் எடுத்துவிட்டேன். இழுத்துப் பாடுகிற பாட்டு. கடைசிச் சரணத்தில் மூச்சு வாங்க இடமே இல்லை. கஷ்டமான பாட்டு வேண்டும் என்றுதான் எடுத்தேன். நீங்கள் திணற வேண்டும் என்று நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இராக்கம்மா, "அது பாடிரும்" என்றார். அவரும் அந்தக் கெசட்டைப் பார்த்திருக்கிறார், எனக்குத் தெரியாமல், மொஹிதீன் முதலாளி கடையில்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் வந்து உட்கார்ந்ததால் அந்த மார்ச் மாதம் இல்லையென்று ஆகிவிடாது. எப்போது ஆறும் என்றும் தெரியாது.

லத்தீப் ஓர்கனைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா எத்தனை கட்டையில பாடுவாங்க?" என்று கேட்டார். நான் முழித்தேன். கட்டை என்றால் சுருதியாம், அது தெரியாமல் வாசிக்க முடியாதாம். "தெரியாது" என்றேன். "மகள்தானே நீங்க?" என்றார். பகிடிக்குக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார்.

எத்தனை கட்டை என்று எழுதி அனுப்புங்கள்.

மதுஷா